விலைக்குக் கீழே இருக்கும் வரிகள்

(மொரப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஆண்டு உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒப்பந்தம். அதிலும் கையெழுத்து விழுவதற்கு முந்தைய சில நாட்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வழக்கறிஞர்களைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டு ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துத்தான் வருகிறார்கள். அப்போது தாளில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் வாதாட முடியும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருந்த நாள் அதற்குள் போயிருக்கும்.

மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர்ப் பக்கம் ஏதோ ஓர் ஒப்பந்தத்தில் கட்டுப்படாத வீடு அரிது. ஆலைக்குப் பதிந்த கரும்பு, சவ்வரிசி ஆலைக்கு ஏற்றும் குச்சிக்கிழங்கு, காய்ப்புக்கு முன்பே பேசி விடும் மாந்தோப்புக் குத்தகை, கோழிப் பண்ணை, செல்போன் கோபுரத்துக்கு விட்ட இடம், நிலத்துக்கு வாங்கிய அட்வான்ஸ், ஓசூரிலோ திருப்பூரிலோ வேலைக்குச் சேரும்போது பிள்ளைகள் போடும் கையெழுத்து என எல்லாமே ஒப்பந்தம்தான். இவற்றில் பாதி வாய்ப்பேச்சாக நடக்கிறது. வாய்ப்பேச்சும் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் ஒப்பந்தமே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முத்திரைத்தாளைக் கேட்பதில்லை. தகுதியுள்ள இருவர், சுதந்திரமான இசைவு, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம், கைம்மாறு, இவை இருந்தால் போதும் என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. ஆனால் வாய்ப்பேச்சை நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும்.

இந்த வட்டாரத்தின் இரண்டு பயிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

கரும்பை எடுத்துக்கொள்வோம். கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு பதிகிற ஒருவர் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூடப் பேசி மாற்றாமல் இருக்கலாம். அவருக்காகச் சட்டம் சில வரிகளை முன்பே எழுதி வைத்திருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. விலையையும் மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஆலைகள் நாள் தவறுவதும், நிலுவை கேட்டு உழவர்கள் தெருவில் உட்காருவதும் நாட்டில் புதிதல்ல. ஆனாலும் "14 நாள்" என்ற ஒரு சொல் சட்டத்தில் இருப்பதால்தான் நிலுவை என்று ஒன்றைக் கேட்கவே முடிகிறது. எந்த நாளில் கடன் பாக்கியாகிறது என்பதில் சண்டை இல்லை.

குச்சிக்கிழங்குக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. கிழங்குக்கு விலை 'பாயிண்ட்' கணக்கு. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் நிற்கிறதோ அதைப் பாயிண்ட் விலையால் பெருக்கினால் டன் விலை. உழவரும் வியாபாரியும் ஒரு மணி நேரம் பேசுவது பாயிண்ட் விலையைத்தான். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம்: பாயிண்டுக்கு 300 ரூபாய். ஆலையில் 28 பாயிண்ட் என்று வந்தால் டன்னுக்கு 8,400 ரூபாய். 25 என்று வந்தால் 7,500. பத்து டன் லோடில் 9,000 ரூபாய் காணாமல் போகிறது. விலையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ஏற்றி வாங்க அத்தனை நேரம் பேசியவர், பாயிண்ட் யார் பார்ப்பது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்.

லோடின் எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பார்கள்? மேலே கிடக்கும் கிழங்கா, அடியில் கிடப்பதா? பாயிண்ட் பார்க்கும்போது உழவரோ அவருடைய ஆளோ நிற்கலாமா? ஒப்பாவிட்டால் மறுமாதிரி உண்டா? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும். வெயிலில் எடையும் இறங்கும். ஆலை வாசலில் லாரி ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றால் அந்த நட்டம் யாருடையது? மண்ணுக்கும் கழிவுக்கும் எத்தனை சதவீதம் பிடித்தம்? இந்தக் கேள்விகளுக்குத் தாளில் விடை இல்லாவிட்டால் ஆலை வாசலில் நிற்கும் வலுவானவர் சொல்வதே விடை. கிழங்கு லாரியில் ஏறிய பிறகு உழவருக்குப் பேரம் பேசும் வலு கிடையாது. திருப்பிக் கொண்டுவந்து மண்ணில் புதைக்க முடியாது அல்லவா?

பண்ணை ஒப்பந்தங்களில் நட்டம் பெரும்பாலும் விலை வரியில் இல்லை. எடை, தரம், நிராகரிப்பு, பணம் தரும் நாள், ஒப்பந்தம் முடியும் விதம், வழக்கு நடக்கும் ஊர் என விலைக்குக் கீழே இருக்கும் வரிகளில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. சட்டம் எழுதிக் கொடுக்காத இடத்தில் அந்த வரிகளை நாம்தான் எழுதியாக வேண்டும்.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. அதையொட்டி 2019 பிப்ரவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஒப்பந்த நாளில் பேசிய விலை, அறுவடையில் சந்தை சரிந்தாலும் உழவருக்குக் கிடைக்க வேண்டும், ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றும் இதே பொருளைப் பற்றியதுதான். உரிமையியல் நீதிமன்றத்தின் வாசலை அது உழவருக்கு அடைத்தது. கோட்ட அளவிலான அதிகாரியிடம்தான் போக வேண்டும் என்றது. டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2021-இல் மூன்றும் திரும்பப் பெறப்பட்டன. தகராறு வந்தால் எங்கே போவது என்ற ஒரு கேள்வி எவ்வளவு கனமானது என்பதை இந்த நாடு அப்போது பார்த்தது.

சட்டம் இருப்பது நல்லது. விலை உத்தரவாதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "கிலோவுக்கு இவ்வளவு" என்ற உத்தரவாதம், எத்தனை கிலோவை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதோ அத்தனைக்குத்தான். கெர்கின் என்னும் ஊறுகாய் வெள்ளரியைப் பாருங்கள். 1990-கள் தொட்டுக் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஏற்றுமதிக்காக ஒப்பந்த முறையில் பயிராகிறது. விதை, உரம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுத்துப் பின்னால் கழித்துக்கொள்ளும். காய் சிறுத்திருந்தால் விலை அதிகம். கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்பதே தரம். ஒருநாள் பறிக்கத் தவறினால் காய் பருத்துத் தரம் இறங்கிவிடும். அப்படியானால் நிறுவனத்தின் வண்டி ஒருநாள் வராவிட்டால்? அந்தக் காய் எந்தத் தரக் கணக்கில் சேரும்? உள்ளூர்ச் சந்தையில் அதை வாங்க ஆளில்லை. ஒப்பந்தத்தில் வண்டியைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்று முதலில் கேட்டவர் பெரிய அறிவாளி என்பேன்.

அண்மையில் நான் படித்துப் பார்த்த ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தில் இருந்த வாசகம் இது: "பொருளின் தரம் குறித்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் எடுக்கும் முடிவே இறுதியானது, உழவரைக் கட்டுப்படுத்தும்." நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இது எல்லாரும் போடும் வாசகம். களத்துக்கு வந்த நிறுவனத்துப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "எல்லாருக்கும் இதே பார்ம்தாங்கண்ணா, உங்களுக்கு மட்டும் மாத்த முடியாதுங்க."

மாற்ற முடியும். அந்த வாசகத்தை அடிக்காமலேயே, அதன் கீழே சில வரிகளைச் சேர்க்கச் சொல்லி உழவர்களோடு ஒன்று சேர்ந்து கேட்டோம். எடையும் தரமும் உழவரின் களத்தில், அவர் முன்னிலையில், வண்டி ஏறுவதற்கு முன் பார்க்கப்படும். நிராகரித்தால் எத்தனை கிலோ, என்ன காரணம் என்று அன்றைக்கே சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வண்டி ஏறிய சரக்கு ஏற்கப்பட்ட சரக்கு. அதன் பிறகு தரம் குறை என்று கழிக்கக் கூடாது. தராசு முத்திரை இடப்பட்டதாக இருக்க வேண்டும். (மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பு முத்திரை கட்டாயம். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசின் மேல் அந்த முத்திரையைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.) நிறுவனம் சீட்டு வரியை ஒப்புக்கொண்டது, தராசு வரியை ஒப்புக்கொண்டது. களத்தில் தரம் பார்ப்பதை ஒப்பவில்லை, கிடங்கில்தான் என்றது. சரி, கிடங்கில் பார்க்கும்போது உழவர்கள் தரப்பில் ஒருவர் நிற்கலாம் என்று எழுதி முடித்தோம். கேட்டதில் பாதி கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. "மாத்த முடியாது" என்பது பேச்சின் தொடக்கம். அதை முடிவு என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ஒன்று சேர்ந்து கேட்டது அங்கே பெரிய பலம். தனி ஆள் விலகிக்கொண்டால் நிறுவனம் அடுத்த வயலுக்குப் போகும். நாற்பது ஏக்கர் சேர்ந்து கேட்டால் மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பையனே போன் எடுப்பான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உரம் வாங்கவும் சரக்கு விற்கவும் மட்டும் என்று இருக்கக் கூடாது. உறுப்பினர் போடும் ஒப்பந்தத்தை முன்கூட்டிப் படிப்பதும் அவற்றின் வேலையாக வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான், வேறு சொற்களில். குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்தினுடையவை. கொட்டகை, கரண்டு, உழைப்பு நம்முடையவை. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்பதோடு, எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ உடல் எடை என்ற விகிதமும் கூலியை ஏற்றும், இறக்கும். தீவன மூட்டையை எடைபோட்டு இறக்கினார்களா, குஞ்சின் தரம் எப்படி இருந்தது, அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் எத்தனை நாளில் வரும் என்பவையெல்லாம் கூலியின் பகுதிகளே. வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை இரண்டு மாதம் சும்மா கிடந்தால் வட்டி சும்மா கிடக்காது. இரண்டு ஈடுகளுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை நாள் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கு நடக்கும் ஊரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு நம் பக்கத்து ஊரிலேயே நாடறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. 1974-இல் சேலத்து வியாபார நிறுவனம் ஒன்று, குஜராத்தின் கைரா மாவட்டத்து உற்பத்தியாளரிடம் 5,000 கண்டு உலோக நூலை, கண்டு 35 ரூபாய் என்று வாங்க ஒப்பந்தம் செய்தது. தகராறு வந்தது, சேலத்தார் சேலம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இந்த விற்பனையால் எழும் எந்தத் தகராறும் கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டது. கைராவுக்கு வா என்றார் விற்றவர். சேலம் நீதிமன்றம் அதை ஏற்றது, சென்னை உயர் நீதிமன்றம் மாற்றியது, கடைசியாக 1989-இல் உச்ச நீதிமன்றம் சேலத்தில் நடத்தலாம் என்றது. 'மட்டுமே' என்பது போன்ற சொல் அந்த வரியில் இல்லை என்பது தீர்ப்பின் முக்கியக் காரணம். வழக்கை எந்த ஊரில் விசாரிப்பது என்பதை முடிவு செய்யவே ஒப்பந்த நாளிலிருந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. அதன் பிறகுதான் நூலைப் பற்றிய பேச்சே.

அந்தத் தீர்ப்பை நம்பி இன்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், ஒரு ஊரின் நீதிமன்றத்தைக் குறித்து எழுதியிருந்தால் 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும் மற்ற ஊர்களை விலக்கியதாகவே கொள்ளலாம் என்றது. ஆகவே கடைசிப் பக்கத்தில் மும்பை என்றோ பெங்களூரு என்றோ இருந்தால் அரூரில் வழக்குப் போடுவது கடினம். இரண்டு லட்ச ரூபாய்க்காக யார் மும்பைக்குப் போய் வருவார்? பேச்சின்போது இந்த வரியை விட்டுக்கொடுக்க நிறுவனங்கள் பெரும்பாலும் பெரிதாகத் தயங்குவதில்லை. கேட்பவர்தான் இல்லை. நடுவர் தீர்ப்பு என்று இருந்தால் நடுவரை யார் நியமிப்பது என்று பாருங்கள். வழக்கில் ஒரு பக்கம் நிற்கும் நிறுவனத்தின் தலைவரே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அச்சிட்ட பழைய படிவங்களில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

நிலத்துக்கு வருகிறேன். இங்கே நம் ஊர்ப் பழக்கம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு "மூணு மாசத்துல முடிச்சுக்கலாம்" என்பது. 1981-இல் சென்னைக்கு அருகே சுமார் 25 ஏக்கரை 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய்க்குப் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மீதிப் பணத்தைக் குறிப்பிட்ட தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்து என்று எழுதியிருந்தார்கள். தவணை நாள் தவறியது. நிலப் பத்திரங்களைக் காட்டவில்லை என்பது வாங்குபவர் வாதம். 2011-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்.வி.இரவீந்திரன் எழுதிய தீர்ப்பு விற்றவர் பக்கம் நின்றது. கிரயப் பத்திரம் எழுதும் நாள் கண்டிப்பாக இல்லாமல் இருக்கலாம், பணம் கட்டும் நாள் கண்டிப்பானது என்று இரண்டு வரிகளையும் பிரித்துப் பார்த்தது நீதிமன்றம். நிலம் விலையேறும் காலத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம் என்ற பழைய எண்ணத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. வில்லங்கம் பார்த்து, மூலப்பத்திரம் கைக்கு வந்த இத்தனை நாளுக்குள் தவணை என்று ஒரே ஒரு வரி மாற்றி எழுதப்பட்டிருந்தால் அந்த வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் நிலக் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் என்று இன்றும் சொல்கிற தரகர்கள் உண்டு, நம்பாதீர்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீதிமன்றம் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான். பீஜப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் 1938-இல் கணவருக்குத் தன் நிலங்கள் இரண்டை எழுதிக் கொடுப்பதாக நினைத்துக் கையெழுத்திட்டார். பத்திரத்தில் வேறு இரண்டு நிலங்களும் சேர்ந்திருந்தன. 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதி இது: பத்திரம் என்ன வகை என்பதிலேயே ஏமாற்றியிருந்தால் அது செல்லவே செல்லாது, வகை தெரிந்து, உள்ளே இருக்கும் விவரத்தில் மட்டும் ஏமாற்றியிருந்தால், காலக்கெடுவுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யும்வரை அது செல்லும். இன்று அந்தக் கெடு, ஏமாற்று தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். குத்தகைப் பத்திரம் என்று தெரியும், உள்ளே எத்தனை சர்வே எண் என்று தெரியாது என்பவர் இந்த இரண்டாம் வகையில்தான் விழுவார்.

1986-இல் கல்கத்தாவின் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி மதோன் வழங்கிய தீர்ப்பைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். வலுவற்றவன் வேறு வழியின்றிக் கையெழுத்திட்ட அநியாய நிபந்தனை செல்லாது என்ற பெரிய தீர்ப்பு அது. காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நீக்கலாம் என்ற விதியை அடித்தது. ஆனால் அதே தீர்ப்பில், இரு தரப்பும் வியாபாரிகளாக இருந்து, வியாபார ஒப்பந்தமாக இருந்தால் இந்த விதி பொருந்தாமல் போகலாம் என்றும் இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரரை நிறுவனத்தின் வக்கீல் எப்படி அழைப்பார்? பண்ணை உரிமையாளர், தொழில் முனைவோர் என்றுதான்.

நான் மிகவும் பயப்படும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தோடு "செக்யூரிட்டிக்கு" என்று தொகை எழுதாத காசோலையும், நிரப்பாத புரோநோட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே கொள்கிறது. காசோலை விஷயத்திலும், தானே மனமுவந்து கொடுத்த நிரப்பாத காசோலை கடனுக்காகக் கொடுத்ததே என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இல்லை என்று காட்ட வேண்டியவர் கையெழுத்திட்டவர். காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை. கொடுத்தே தீர வேண்டும் என்றால் தொகையை எழுதுங்கள், எந்த ஒப்பந்தத்துக்கான பிணை என்று ஒப்பந்தத்திலேயே காசோலை எண்ணைக் குறியுங்கள், கணக்கு முடிந்தால் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

நிறைவாக இரண்டு கோரிக்கைகள். ஒன்று அரசுக்கு. ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தின்படி பதிவாகும் ஒவ்வொரு ஒப்பந்தமும் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு ஏழு நாள் முன்பே நகல் உழவர் கையில் இருக்க வேண்டும், பதிவு செய்யும் அலுவலர் எடை, தரம், பணம் தரும் நாள், வழக்கிடும் ஊர் ஆகிய நான்கு வரிகளையாவது உழவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

இன்னொன்று நம் குடும்பங்களுக்கு. கூட்டுப் பட்டாவில் பெயர் இருப்பதால் பெண்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். பேச்சு நடக்கும்போது அவர்களைக் கூப்பிடுவதில்லை. கெர்கின் பறிப்பதும், கோழிக்குத் தண்ணீர் வைப்பதும், கிழங்கு ஏற்றும் நாளில் ஆளுக்குச் சோறாக்குவதும், வண்டி வராத நாளில் பறித்த காயைப் பார்த்து நிற்பதும் அவர்கள்தான். எந்த வரி இல்லாததால் நட்டம் வந்தது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த முறை களத்துக்கு ஒப்பந்தத் தாளோடு ஆள் வரும்போது திண்ணையில் அவர்களும் உட்காரட்டும். தாளை முதலில் அவர்களில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.